மகள் கிளப் கால்பந்து ஆடுகிறாளா? ஈசிஎன்எல், ஜிஏ விவாதம் பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் பெண் பிள்ளையைக் கிளப் கால்பந்தில் சேர்த்த குடும்பம் எதுவானாலும், பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நெருங்கும்போது ஒரு வாக்குவாதத்துக்குள் வந்து சேரும்: ஈசிஎன்எல், ஜிஏ என்ற இரண்டு தேசிய லீகுகளில் எது மேல், பிள்ளை எதில் ஆட வேண்டும்? மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் நடுவே அது ஓடிக்கொண்டே இருக்கும். "உங்க பொண்ணு ஈசிஎன்எல் டீமா, ஆர்எல் டீமா?" "ஜிஏ கிளப்புக்கு மாத்தினா காலேஜ் கோச்சுங்க பார்க்க வருவாங்களா?" "இப்படியே ரெண்டாவது டீம்லயே இருந்தா அப்புறம் என்னங்க பண்றது?" புதிதாக வருகிறவருக்கு இதில் பாதி விளங்காது. விளங்காமலே பயம் மட்டும் தொற்றிக்கொள்ளும். அந்தப் பயத்திலேயே பல ஆயிரம் டாலர் கட்டி, பயிற்சி நாளெல்லாம் ஒரு மணி நேரம் காரோட்டிக் கூட்டிப்போய், கடைசியில் பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். நாம் படித்த பள்ளிகளில் விளையாட்டு என்பது பி.டி. பீரியட், மண்டலப் போட்டி, அதிகம் போனால் மாநில அணி. இங்கே பள்ளிக்கு வெளியே, பெற்றோர் பணத்தில் ஓடும் தனி உலகம் ஒன்று இருக்கிறது. அதன் ஏணிகள் நான்கைந்து. ஒவ்வொன்றையும் நடத்துகிறவர் வேறு வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீகில் இடம் கிடைப்பது கிளப்புக்கு. உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஒரு கோச், கூட ஆடும் பதினைந்து இருபது பிள்ளைகள், ஆட்டத்தில் இத்தனை நிமிடம். விவாதம் எப்போதும் கிளப்பின் சட்டையில் இருக்கும் சின்னத்தைப் பற்றியே நடக்கிறது. முடிவெடுக்க வேண்டியதோ பிள்ளைக்குக் கிடைக்கும் இந்த மூன்றையும் பார்த்து.

அடித்தளத்திலிருந்து

ஐந்து ஆறு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவது ரெக் சாக்கர் எனப்படும் பொழுதுபோக்குக் கால்பந்தில். ஏஒய்எஸ்ஓ என்ற அமைப்பு 1964இல் கலிபோர்னியாவின் டாரன்ஸில் தொடங்கியது. எல்லாப் பிள்ளையும் ஆட வேண்டும் என்பதே அதன் கொள்கை. கோச்சாக இருப்பவர் ஏதாவது ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான். கட்டணம் குறைவு. வாரம் ஒரு பயிற்சி, சனிக்கிழமை ஒரு ஆட்டம்.

எட்டு, ஒன்பது வயதில் ஆர்வமுள்ள பிள்ளைகள் கிளப்புக்குப் போகிறார்கள். அங்கே சம்பளம் வாங்கும் கோச், டிரையவுட் எனப்படும் அணித் தேர்வு, ஏறக்குறைய வருடம் முழுக்கப் பயிற்சி. பெரிய கிளப்பில் ஒரே வயதில் மூன்று நான்கு அணிகள் இருக்கும்: முதல் அணி, இரண்டாம் அணி, அதற்குக் கீழே. ஒவ்வொரு அணியும் ஆடும் லீக் வேறு. விவாதத்தின் விதை இங்கேதான் விழுகிறது. 'நாங்கள் ஈசிஎன்எல் கிளப்' என்று ஒரு கிளப் விளம்பரம் செய்தால், அதன் எல்லா அணிகளும் ஈசிஎன்எல்லில் ஆடுவதாகப் புதியவர் நினைத்துக்கொள்கிறார். பொதுவாக ஒரு வயதுப் பிரிவுக்கு ஒரு அணிதான் அந்த மேல் லீகில் ஆடும். மற்ற அணிகளின் பிள்ளைகளும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட அதே கட்டணம் கட்டிக்கொண்டு வேறு லீகில் ஆடுவார்கள்.

இத்தனை எழுத்துகள் எங்கிருந்து வந்தன

ஈசிஎன்எல் என்பது எலீட் கிளப்ஸ் நேஷனல் லீக். 2009இல் 40 கிளப்புகள் சேர்ந்து தொடங்கின. அப்போது பெண்களுக்கு மட்டும்தான். ஆண் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனமே 2007இல் டெவலப்மென்ட் அகாடமி என்று ஒன்றை நடத்தத் தொடங்கியிருந்தது. பெண்களுக்கு அப்படி எதுவும் இல்லாததால் கிளப்புகளே கூடி உருவாக்கிக்கொண்டதுதான் ஈசிஎன்எல். நல்ல கிளப்புகள் தங்களுக்குள் ஆடினால் ஆட்டத் தரம் கூடும், கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஒரே இடத்தில் எல்லாரையும் பார்க்கலாம் என்பது கணக்கு. அது பலித்தது.

2017இல் சம்மேளனம் பெண்களுக்கும் டெவலப்மென்ட் அகாடமியைக் கொண்டுவந்தது. அதில் ஒரு கடுமையான விதி: அகாடமியில் ஆடும் பிள்ளை பள்ளி அணியில் ஆடக்கூடாது. பல பெண்களுக்குத் தோழிகளோடு ஊர் முன்னால் பள்ளிச் சட்டையில் ஆடுவதுதான் கால்பந்தின் பெரிய சந்தோஷம். கிளப்புகள் இரண்டாகப் பிரிந்தன. சில அகாடமிக்குப் போயின, சில ஈசிஎன்எல்லிலேயே நின்றன, சில போய்விட்டுத் திரும்பின. மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின் நடுவே, சம்மேளனம் அகாடமியை ஒரேயடியாக மூடிவிட்டது.

அங்கே நின்ற கிளப்புகள் என்ன செய்யும்? சில ஈசிஎன்எல்லுக்குத் திரும்பின. அறுபதுக்கும் மேற்பட்டவை சேர்ந்து அதே 2020இல் கேர்ள்ஸ் அகாடமி என்ற புது லீகைத் தொடங்கின. அதைத்தான் எல்லாரும் ஜிஏ என்கிறார்கள். பள்ளி அணியில் ஆடத் தடையில்லை. இன்று நாடு முழுவதும் இரண்டு லீகிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கிளப்புகள்.

இந்த வரலாற்றை நான் இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு லீகும் யாரோ ஒருவர் திறமையை அளந்து பார்த்து வைத்த முதல் தட்டு, இரண்டாம் தட்டு கிடையாது. ஒரு அமைப்பு மூடப்பட்டபோது கிளப்புகள் எந்தப் பக்கம் ஒதுங்கின என்பதன் விளைவு. எனவே ஊருக்கு ஊர் நிலவரம் மாறும். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஈசிஎன்எல்லின் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பெரும்பாலான கோச்சுகள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் உங்கள் ஊரில் மிகச் சிறந்த கிளப் ஜிஏவில் இருக்கலாம். மெலிந்த ஒரு கிளப் ஈசிஎன்எல்லில் இருக்கலாம். 'எது பெரிது' என்று தேசிய அளவில் சண்டை போடுவதால் உங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் இரண்டு கிளப்புகளைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது.

கீழ்த்தட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஈசிஎன்எல்லுக்குக் கீழே ரீஜனல் லீக், அதுதான் ஆர்எல். பெரும்பாலும் ஈசிஎன்எல் கிளப்பின் இரண்டாம் அணி அதில் ஆடும். ஈசிஎன்எல் இடம் இல்லாத தனிக் கிளப்புகளின் முதல் அணிகளும் ஆடும். ஜிஏவுக்குக் கீழே ஜிஏ ஆஸ்பயர், டிபிஎல் என்ற பெயர்கள் காதில் விழும். இவை தவிர என்பிஎல், நேஷனல் லீக், மாநில லீகுகள். பெயரில் 'நேஷனல்', 'எலீட்', 'பிரீமியர்' என்று இருப்பதை வைத்துத் தரம் அறிய முடியாது. அந்த அணி கடந்த பருவத்தில் யாரோடு ஆடியது, எப்படி ஆடியது என்று பாருங்கள்.

லீக் எதற்கு முக்கியம்: கல்லூரிக் கோச்சின் பயணச் செலவு

அமெரிக்காவில் பெண்கள் கால்பந்தின் பெரிய வாசல் கல்லூரி. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்றது. ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளுக்கு ஈடுகட்டும் வகையில் கல்லூரிகள் பெண்கள் அணிகளைக் கூட்டின; அதில் பெரிதும் வளர்ந்தது கால்பந்து. இன்று டிவிஷன் ஒன் என்னும் மேல்தட்டில் மட்டும் 330க்கு மேற்பட்ட பெண்கள் அணிகள். ஆண்கள் அணிகள் சுமார் 200தான்.

அத்தனை அணிகளுக்கும் ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் வேண்டும். ஆனால் ஒரு கல்லூரியில் தலைமைக் கோச், இரண்டு மூன்று துணைக் கோச்சுகள், அளவான பயணப் பணம். நாடு முழுவதும் போய் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்க முடியாது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் நடக்கும் கேம்பஸ் இன்டர்வியூவை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர்கள் எல்லாக் கல்லூரிக்கும் போக மாட்டார்கள். ஒரே நாளில் நிறையத் தேறக்கூடிய இடத்துக்குத்தான் போவார்கள். வேறு கல்லூரியில் படித்தவனுக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. அவன் தானாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஈசிஎன்எல்லும் ஜிஏவும் நடத்தும் ஷோகேஸ் போட்டிகள் அப்படிப்பட்ட இடங்கள்.

ஒரு ஷோகேஸ் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பத்து, இருபது மைதானங்கள் வரிசையாக உள்ள வளாகம். பெற்றோர் ஒரு பக்கக் கோட்டோரம். எதிர்ப்பக்கம் கல்லூரிக் கோச்சுகள்: பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த ஜாக்கெட், கையில் சட்டை எண்ணும் பெயரும் பள்ளி முடிக்கும் ஆண்டும் அச்சிட்ட தாள், ஒரு பேனா. பலர் முழு ஆட்டம் பார்ப்பதில்லை. பதினைந்து இருபது நிமிடம் நின்று, தாளில் இரண்டு மூன்று எண்களுக்கு எதிரே ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மைதானத்துக்கு நடந்துவிடுவார்கள். கோலை மட்டும் பார்ப்பதாக நினைக்காதீர்கள். பந்து காலில் இல்லாதபோது பிள்ளை எங்கே நகர்கிறாள், தவறவிட்ட பந்துக்குத் திரும்பி ஓடுகிறாளா, மாற்றி உட்கார வைக்கும்போது முகத்தை எப்படி வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் அந்தத் தாளில் ஏறும். கோட்டோரத்தில் நடுவரைத் திட்டும் அப்பாவின் குரலும் அவர்கள் காதில் விழும்.

அவர்கள் நிற்கும் அந்த இருபது நிமிடத்தில் உங்கள் மகள் பெஞ்சில் இருந்தால், மேல் லீகில் இருப்பதன் முக்கியமான பயன் அன்றைக்கு அவளுக்குக் கிடைக்கவில்லை.

மேலே பெஞ்சா, கீழே ஆட்டமா

பெற்றோர் விவாதத்தின் நடுநாடி இதுதான். ஒரு தரப்பு: 'மேல் அணியில் பயிற்சி செய்தாலே ஆட்டம் வளரும், வேகம் பழகும், பொறுத்திருந்தால் இடம் வரும்.' மறுதரப்பு: 'ஆடாத பிள்ளை வளராது.' இரண்டிலும் உண்மை இருக்கிறது. எது எப்போது பொருந்தும் என்பது வயதைப் பொறுத்தது.

பத்து, பதினொரு வயதில் லீகைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஈசிஎன்எல்லும் ஜிஏவும் தொடங்குவதே 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில். அதற்கு முன் தேவை பந்தை ஆயிரம் முறை தொடுவது, இரண்டு காலாலும் ஆடப் பழகுவது, தப்பு செய்ய அஞ்சாத பயிற்சி. ஒன்பது வயதுப் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்து 'இவள் ஈசிஎன்எல் தரம்' என்று ஒரு கோச் சொன்னால், அவர் உங்களைப் பக்கத்துக் கிளப்புக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பன்னிரண்டு, பதின்மூன்றில் உடல் குறுக்கே வருகிறது. பெண் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் சிலருக்குப் பத்திலேயே தொடங்கிவிடும், சிலருக்குப் பதின்மூன்றுக்கு மேலும் தள்ளிப்போகும். முன்னால் வளர்ந்தவள் ஓட்டத்திலும் உயரத்திலும் ஜெயிப்பாள்; முதல் அணியில் இடம் பிடிப்பாள். பின்னால் வளர்கிறவள் இரண்டாம் அணிக்குப் போவாள். பதினைந்தில் இது தலைகீழாகிவிடுவதை எந்தக் கிளப்பிலும் பார்க்கலாம். இந்த வயதில் ஆட்ட நிமிடமே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டாம் அணியில் நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை நடத்துகிற பிள்ளை, முதல் அணியில் கடைசிப் பத்து நிமிடம் ஓரத்தில் ஓடிவிட்டு வருகிற பிள்ளையைவிட அதிகம் கற்கிறாள்.

பதினைந்து, பதினாறில்தான் லீகின் பெயருக்கு விலை உண்டு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, டிவிஷன் ஒன் கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை பிள்ளையோடு சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. 2019இல் வந்த இந்த விதிக்கு முன், எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்களே 'இந்தக் கல்லூரிக்குப் போகிறேன்' என்று வாய்வாக்குக் கொடுக்கும் வழக்கம் பெண்கள் கால்பந்தில் பரவலாக இருந்தது. இப்போது ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கோச்சுகள் பார்க்கிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள். ஜூன் 15 அன்று தொலைபேசி மணி அடிக்கும், அல்லது அடிக்காது. டிவிஷன் ஒன்னில் ஆட வேண்டும் என்று பிள்ளையே விரும்பி, அதற்கான ஆட்டமும் இருந்தால், இந்த இரண்டு ஆண்டு நல்ல ஷோகேஸ்களுக்குப் போகும் அணியில் ஆடும் இடத்தோடு இருப்பது பலன் தரும்.

நேரான ஏணி ஏறாதவர்களும் உச்சிக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு உலகக் கோப்பை வென்ற அலெக்ஸ் மார்கன் 14 வயதில்தான் கிளப் கால்பந்துக்கே வந்தவர். அதுவரை பல விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். நயோமி கிர்மாவின் கதை நம்மைப் போன்ற குடியேறிகளுக்கு இன்னும் நெருக்கம். எத்தியோப்பியாவிலிருந்து வந்த பெற்றோர். சான் ஹோசேயில் எத்தியோப்பியக் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்து அவருடைய அப்பா ஏற்பாடு செய்த 'மலேதா சாக்கர்' என்ற வாரக் கூடலில்தான் அவர் பந்து உதைக்கத் தொடங்கினார். பிறகு கிளப், ஸ்டான்ஃபோர்டு, 2022இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீகான என்டபிள்யூஎஸ்எல்லின் டிராஃப்டில், அதாவது கிளப்புகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் இடம், 2024இல் ஒலிம்பிக் தங்கம். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி கிளப் அவரை வாங்கிய தொகை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கால்பந்தில் அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. இவர்களைப் போல எல்லாரும் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. பத்து வயதில் எந்தச் சட்டையைப் போட்டோம் என்பது இவர்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கவில்லை.

பணக் கணக்கு

'இப்போ செலவு பண்ணினா காலேஜ் ஸ்காலர்ஷிப்ல திரும்பி வந்துடும்' என்று சொல்கிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். தாளில் போட்டுப் பாருங்கள்.

மேல் லீக் அணியில் கிளப் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு இரண்டாயிரம் டாலரிலிருந்து நான்கைந்தாயிரம் வரை போகும். அதன் மேல் சீருடை, விமானம், ஓட்டல். பல போட்டிகளில் 'ஸ்டே அண்ட் ப்ளே' விதி உண்டு: அவர்கள் சொல்லும் ஓட்டலில், அவர்கள் மூலமாகத்தான் அறை எடுக்க வேண்டும். பயணச் செலவு கட்டணத்தைத் தாண்டுவது சாதாரணம்.

வரவுப் பக்கம்? நாட்டில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடும் பெண்கள் 3.5 லட்சத்துக்கும் மேல். நான்கு வகுப்புக்கும் பிரித்தால் ஒரு வகுப்பில் ஏறக்குறைய 90 ஆயிரம் பேர். டிவிஷன் ஒன்னில், கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025ஆம் ஆண்டு ஏற்பட்ட சமரசத்துக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஒரு அணிக்கு 28 பேர் என்பது உச்சவரம்பு. எல்லா அணிகளையும் சேர்த்து ஆண்டுக்குப் புதிதாகத் திறக்கும் இடம் இரண்டாயிரத்துச் சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் வெளிநாட்டு வீராங்கனைகள், வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்கள் பங்கு போக வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற அளவுதான் மிஞ்சும்.

இடம் கிடைத்தாலும் முழு உதவித்தொகை என்று நினைக்காதீர்கள். சமரசத்துக்கு முன்பு ஒரு அணிக்கு 14 முழு உதவித்தொகைதான் அனுமதி. அதை இருபது, இருபத்தைந்து பேருக்குக் கோச் பிரித்துக் கொடுப்பார். இப்போது 28 பேருக்கும் கொடுக்கலாம் என்று விதி அனுமதித்தாலும் எல்லாக் கல்லூரியிடமும் அவ்வளவு பணம் இல்லை. டிவிஷன் மூன்றிலும், ஹார்வர்டு, பிரின்ஸ்டன் அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே கால்பந்து சேர்க்கைக்குக் கைகொடுக்கும். பணம் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். மதிப்பெண்ணில் கவனமாக இருக்கும் குடும்பங்களுக்கு டிவிஷன் மூன்று மிக நல்ல வழி. அதை யாரும் மைதான ஓரத்தில் பெருமையாகப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆகவே கிளப் செலவை முதலீடாக எண்ண வேண்டாம். பிள்ளை ஆசைப்பட்டு ஆடுகிறாள், நமக்குக் கட்டுப்படியாகிறது என்றால் கட்டுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் கிளப்பிடம் நிதி உதவி கேளுங்கள். பல கிளப்புகளில் உண்டு, கேட்கிறவர்களுக்கே கிடைக்கும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தொழில்முறை ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என்டபிள்யூஎஸ்எல் 2013இலிருந்து நடக்கிறது. ஒலிவியா மூல்ட்ரி 2021இல் வழக்குப் போட்டு, 15 வயதில் அந்த லீகின் போர்ட்லாண்ட் தார்ன்ஸ் கிளப்பில் சேர்ந்த பிறகு, பதினெட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கும் வழி திறந்தது. 2024இல் டிராஃப்ட் முறையும் எடுக்கப்பட்டுவிட்டது. கல்லூரியைத் தாண்டி நேரே போகிறவர்கள் கூடிவருகிறார்கள். அது விரல்விட்டு எண்ணக்கூடியவர்களின் பாதை. அவர்களைத் தேடி ஆட்கள் தாமாகவே வருவார்கள்.

வயதுப் பிரிவும் முழங்காலும்

2016, 2017 வாக்கிலிருந்து பிள்ளைகளைக் காலண்டர் ஆண்டுப்படி, ஜனவரி முதல் டிசம்பர் வரை, பிரித்துவந்தார்கள். இதில் ஆகஸ்டுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் ஒரு வகுப்பு கீழே மாட்டிக்கொள்வார்கள். அணித் தோழிகள் ஒன்பதாம் வகுப்புப் பள்ளி அணிக்குப் போய்விட, எட்டாம் வகுப்பில் இருக்கும் இவளுக்குச் சில மாதம் அணியே இருக்காது. 2026-27 பருவத்திலிருந்து பெரும்பாலான அமைப்புகள் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற கணக்குக்கு மாறுகின்றன. பிறந்த மாதத்தைப் பொறுத்து உங்கள் மகள் வேறு வயதுப் பிரிவுக்குப் போகலாம், அணியே கலைந்து புதிதாகச் சேரலாம். இந்த மாற்றக் காலத்தில் முதல் அணி, இரண்டாம் அணி என்பதெல்லாம் கலங்கித் தெளியச் சற்று நாளாகும். அவசரப்பட்டுக் கிளப் மாற வேண்டாம்.

முழங்காலைப் பற்றிப் பெற்றோர் பேசுவது குறைவு, பேச வேண்டியது அதிகம். ஏசிஎல் எனப்படும் முழங்கால் தசைநார் கிழிவது, பெண் ஆட்டக்காரர்களிடம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல். கிழிந்தால் அறுவைச் சிகிச்சை, ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆட்டம் இல்லை. பதினைந்து வயதில் வந்தால் சேர்க்கைக் காலமே போய்விடும். ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சி இத்தகைய காயங்களைக் கணிசமாகக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பயிற்சி நாளில் போய் முதல் இருபது நிமிடம் நின்று பாருங்கள். பிள்ளைகள் ஒற்றைக் காலில் தாவி, முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்கப் பழகுகிறார்களா, இல்லை இரண்டு சுற்று ஓடிவிட்டு நேரே பந்துக்குப் போகிறார்களா என்று கவனியுங்கள். லீக் பெயரைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

டிரையவுட் முடிந்து மின்னஞ்சல் வரும்போது

டிரையவுட்டில் பிள்ளைகள் எண் போட்ட மேல்சட்டை மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஆடுவார்கள். பிறகு கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வரும்: இந்த அணியில் இடம் தருகிறோம், 24 மணி அல்லது 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். அந்தக் கெடு பதற்றத்தை உண்டாக்கும். அதனால் கேட்க வேண்டியதை டிரையவுட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்த வயது அணிக்கு அடுத்த பருவம் கோச் யார், அவரே இருப்பாரா? அணியில் மொத்தம் எத்தனை பேர்? பதினொருவர் ஆடும் ஆட்டத்துக்கு இருபத்திரண்டு பேரைச் சேர்த்தால் யாருக்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே கணக்கிடலாம். என் மகளை எந்த இடத்தில் ஆட வைக்க நினைக்கிறீர்கள்? இரண்டாம் அணியிலிருந்து போன ஆண்டு எத்தனை பேரை மேலே எடுத்தீர்கள்? கடைசிக் கேள்வியை விடாதீர்கள். 'இங்கே நல்லா ஆடினா மேலே போகலாம்' என்று எல்லாக் கிளப்பும் சொல்லும். மேலே போனவர்கள் உண்மையிலேயே இருந்தால் கோச் தயங்காமல் எண்ணிச் சொல்வார். பாதியில் விலகினால் பணம் திரும்புமா என்பதையும் ஒப்பந்தத்தில் படியுங்கள், பெரும்பாலும் திரும்பாது.

மகளிடமும் ஒன்று கேட்க வேண்டும், காரில் திரும்பும்போது அல்ல, வேறு ஒரு நாளில்: இந்த அணியில் உனக்கு ஆட ஆசையா? இந்த வயதில் பெண்கள் ஆட்டத்தை விடுவதற்குச் சொல்லும் காரணங்களில் தோழிகளும் கோச் பேசும் விதமும் அடிக்கடி வரும். புது அணியில் பேச ஆளில்லாமல் தனியே ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு லீக் பெயர் ஆறுதல் தராது.

கல்லூரியில் ஆட வேண்டும் என்று அவளே முடிவெடுத்தால், எந்த லீகில் இருந்தாலும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: கோச்சுகளுக்கு எழுதுவது. ஜூன் 15க்கு முன் அவர்கள் பதில் எழுத முடியாவிட்டாலும் பிள்ளை எழுதத் தடையில்லை, படிக்கிறார்கள். பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், மதிப்பெண் சராசரி, மூன்று நான்கு நிமிடக் காணொளியின் இணைப்பு, அடுத்த போட்டியில் எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு ஆட்டம், சட்டை எண் என்ன. அந்தக் கல்லூரியை ஏன் நினைக்கிறாள் என்று இரண்டு வரி, அவளுடைய சொந்த வார்த்தையில். அப்பா எழுதி மகள் பெயரில் அனுப்பிய கடிதம் எது என்று நூற்றுக்கணக்கில் படிக்கும் கோச்சுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, அவளே எழுதட்டும். ஷோகேஸுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எந்த மைதானத்தில் நிற்பது என்று கோச் அந்த வாரத்தில்தான் அட்டவணை போடுகிறார்.